பற்றும் வரவும்

காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலின் தெற்கு ராஜகோபுரம் 192 அடி உயரம். 1509-இல் கிருஷ்ணதேவராயர் எடுப்பித்தது. அந்த உயரத்துக்குச் செங்கல் ஏற்றிய ஊரில் கோபுரத்தை வைத்து ஓர் உவமை சொன்னால் யாருக்கும் விளக்கம் வேண்டியிருக்காது. லூக்கா சுவிசேஷத்தின் 14-ஆம் அதிகாரத்தில் இயேசு அப்படி ஒன்று சொல்கிறார். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து, முடிக்கும்வரை கையிருப்பு தாங்குமா என்று பார்க்கமாட்டானா? அஸ்திவாரத்தோடு நின்றுபோனால் ஊர் சிரிக்குமே! இந்த உவமை வரும் இடம் முக்கியம். தன்னைப் பின்தொடர்கிறவன் உள்ளதையெல்லாம் விட்டுவர வேண்டும் என்று சொல்லும் பேச்சின் நடுவே இது வருகிறது. துறவுப் பேச்சுக்குள் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். பிரசங்கங்களில் துறவு தவறாமல் வரும், கணக்குப்பிள்ளையைத்தான் காணோம்.

துறவிகளை எண்ணும் வழக்கம் இந்த ஊருக்குப் பழையது. ஏறக்குறைய கி.பி. 640-இல் வந்த சீனப் பயணி சுவான் சாங், காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட திராவிட நாட்டில் நூறளவு சங்காராமங்களும், அதாவது பௌத்த மடங்களும், 10,000 பௌத்தத் துறவிகளும் இருந்ததாக எழுதினார். தலைக்கணக்கு சரி. அந்தப் பத்தாயிரம் பேரின் துறவால் அடுத்த தெருக்காரனுக்கு என்ன கிடைத்தது என்பது வேறு கணக்கு. இந்தக் கட்டுரை போட்டுப் பார்ப்பது அந்த வேறு கணக்கைத்தான். மனத்தை இழுத்த வேறு வழிகளை விட்டுவிட்டு, கிறிஸ்துவின் பேரால் பிறருக்கு உழைக்க வந்த சிலரை எடுத்துக்கொள்கிறேன். எல்லோரும் காஞ்சியிலிருந்து ஒரு பகல் பயணத்தில் போய்ச் சேரக்கூடிய ஊர்களில் வாழ்ந்தவர்கள். பேரேட்டில் மூன்று பத்திகள்: என்ன விட்டார்கள், அது பிறருக்கு என்னவாக வந்து சேர்ந்தது, விட்டதன் செலவு யார் தலையில் விழுந்தது. மூன்றாவது பத்தியை வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு அதுதான் கனமானதாகப் படுகிறது.

முதலில் பட்டு. காஞ்சியில் எதையும் பட்டை வைத்து அளந்தால்தான் நமக்குக் கைப்பிடிக்குள் வரும்.

ஒரு சேலை ஐந்தரை மீட்டர். ரவிக்கைத் துணியையும் சேர்த்தால் ஆறு மீட்டரைத் தாண்டும். ஒரு பாவில் 3 சேலை. உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் கோர்வை போட்டு நெய்தால் நாடா மூன்று, பக்கத்தில் உதவிக்கு ஓர் ஆள். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்கு 10 முதல் 20 நாள். அரைக் கிலோ பட்டு நூல் என்று வைத்தால் சுமார் 2,000 கூடுகள். ஜரிகையை மார்க் கணக்கில் எடுப்பார்கள், ஒரு மார்க் 242 கிராம். அரசின் தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் இதே ஊரில்தான் இருக்கிறது. 40 சதம் வெள்ளி, 35.5 சதம் செம்பு, 24 சதம் பட்டு, 0.5 சதம் தங்கம் என்ற கலவையில் ஒரு மார்க்கை நிறுத்தால் வெள்ளி ஏறக்குறைய 97 கிராம், தங்கம் 1.2 கிராம். இந்த 1.2 கிராமைப் பிறகு ஓர் இடத்தில் திரும்ப எடுப்பேன்.

எதை விடுவது என்று இன்று யாரைக் கேட்டாலும் முதலில் கைப்பேசியைத்தான் சொல்வார்கள். தினம் ஒரு மணி நேரம் அதிலே போகிறது என்று, குறைத்தே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 365 மணி. எட்டு மணி நேர வேலைநாளாக்கினால் 45 நாள் சொச்சம். சேலைக்கு 15 நாள் என்று வகுத்தால் 3 சேலை, அதாவது ஒரு முழுப் பாவு. காஞ்சிப் பிள்ளையார்பாளையத்துக் குழித்தறியில் இருவர் உட்கார்ந்து அறுத்துக் கொடுக்கும் பாவில், ஓர் ஆளின் பங்கு நாளை நாம் ஆண்டுதோறும் கட்டைவிரலால் தள்ளிவிடுகிறோம்.

பட்டைத் துறப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்க் கிறிஸ்தவக் கல்யாணங்களில் மணமகளுக்குச் சந்தன வெள்ளையில் ஜரிகை போட்ட காஞ்சிப் பட்டு எடுப்பது பரவலான வழக்கம். எளிமையாக இருப்போம் என்று ஒரு குடும்பம் அதை விட்டால், மிச்சமாகும் பணம் அவர்கள் விரும்பிய நல்ல காரியத்துக்குப் போகலாம். அதே பணத்தில் ஒரு பங்கு பிள்ளையார்பாளையத்தில் இறங்காமலும் போகும். எளிமைக்கு எதிராக இதைச் சொல்லவில்லை. விடுகிறவர் ஒருவர், விலை கொடுக்கிறவர் வேறொருவர் என்பது இவ்வளவு சின்னக் கணக்கிலேயே வந்துவிடுகிறது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

காஞ்சிக்குள்ளேயே ஒரு பதிவு உண்டு, அதைச் சுருக்கமாக எழுதிவிடலாம். 1837 ஏப்ரல் 3 அன்று சென்னை ஆர்மேனியன் தெருவில் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் ஆண்டர்சன் 59 மாணவர்களோடு ஒரு பள்ளி திறந்தார். அதுவே வளர்ந்து சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஆயிற்று. சில ஆண்டுகளுக்குள் காஞ்சியிலும் கிளை வந்தது. ஊரில் ஆண்டர்சன் பள்ளி என்று இன்றும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். 18 ஆண்டு உழைத்துவிட்டு 1855-இல், ஐம்பது வயது நிறையுமுன், சென்னையிலேயே இறந்தார். ஆசிரியராக வந்து ஆசிரியராகவே இறந்தவரின் கணக்கில் சிக்கல் குறைவு. மருத்துவர்களுடைய கணக்கு அப்படி இல்லை.

காஞ்சியில் வீட்டில் பெரிய நோய் என்றால் வண்டி இரண்டு திசையில் கிளம்பும். கிழக்கே சென்னை, மேற்கே வேலூர். வேலூருக்கு 70 கிலோமீட்டர் அளவுதான், நடுவில் ராணிப்பேட்டை. அந்த ராணிப்பேட்டையில் 1870 டிசம்பர் 9 அன்று ஐடா ஸ்கடர் பிறந்தார். அவரைப் பற்றி எழுதுமுன் தாத்தாவிடம் போக வேண்டும். கணக்கு அங்கேதான் திறக்கிறது.

ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நல்ல வருமானத்தோடு மருத்துவம் பார்த்துவந்தவர். நோயாளி ஒருவர் வீட்டில் காத்திருந்தபோது மேசையில் கிடந்த சிறு நூலை எடுத்துப் படித்தார். பம்பாயில் ஊழியம் செய்த இரண்டு அமெரிக்கர்கள் 1818-இல் எழுதி வெளியிட்டது. அதன் தலைப்பிலேயே ஓர் எண் இருந்தது: 60 கோடி. சுவிசேஷம் கேட்டிராத மக்கள் உலகில் அத்தனை பேர் என்பது அவர்கள் கணக்கு. 1819-இல் ஸ்கடர் தொழிலை மூடிவிட்டு மனைவியோடு கப்பல் ஏறினார். முதலில் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பு, 1836-இல் சென்னை. அமெரிக்காவிலிருந்து அயல்நாட்டுக்குப் போன முதல் மருத்துவ மிஷனரி என்று அவரைக் குறிப்பிடுவார்கள். ஒரு நூலைப் படித்துவிட்டு ஒருவர் தொழிலை மூடியதை அவசரம் என்று அன்று நியூயார்க்கில் பேசியிருப்பார்கள், நானும் பேசியிருப்பேன். ஆனால் அவர் குடும்பத்தில் நான்கு தலைமுறைகளில் 42 பேர் மிஷன் ஊழியத்துக்கு வந்தார்கள், அவர்கள் உழைத்த காலத்தைக் கூட்டினால் 1,100 ஆண்டுகளுக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தலைக்குச் சராசரி 26 ஆண்டு. அவசர முடிவு இத்தனை நாள் தாங்காது.

மூன்றாவது பத்தி நிரம்பத் தொடங்குவதும் இந்தக் குடும்பத்தில்தான். ஐடா சிறுமியாக இருந்தபோது 1876–78 தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர். பிறகு அமெரிக்காவுக்கு அழைத்துப் போனார்கள். அப்பா ஊழியத்துக்காக இந்தியா திரும்பினார், சில காலம் கழித்து அம்மாவும் கிளம்பினார். பதின்வயதுப் பெண் அங்கேயே உறவினர் வீட்டில் விடப்பட்டாள். பெற்றோர் விட்டது ஒரு நாட்டை. மகள் விட்டது பெற்றோரை, அதுவும் அவள் சம்மதம் கேட்காமல். இந்தியாவில் ஊழியம் செய்யும் எண்ணமே தனக்கு இல்லை என்று அந்தப் பெண் வளர்ந்ததில் எனக்கு வியப்பில்லை.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890-ஐ ஒட்டித் திண்டிவனத்துக்கு வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு சாதி இந்து. மூவர் மனைவிக்கும் பிரசவம் சிக்கல். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. மருத்துவரான அப்பா வருகிறேன் என்றார், ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். இந்தக் கதை தமிழ்நாட்டில் ஆயிரம் மேடைகளில் சொல்லப்பட்டுவிட்டது. மேடையில் அந்த இரவோடு நிறுத்திவிடுகிறார்கள். பேரேட்டுக்கு வேண்டியது அதற்கு அடுத்த பத்தாண்டு.

அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்தார். 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரிப் பட்டம், பெண்களை அங்கே சேர்த்துக்கொண்ட முதல் வகுப்பு. நியூயார்க் வங்கியாளர் ராபர்ட் ஷெல் தம் மனைவி மேரி டேபரின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900-இன் தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்து சேர்ந்தார். சில மாதங்களில் அப்பா இறந்துபோனார், அவரிடம் கூடவிருந்து தொழில் பழகலாம் என்ற கணக்கும் போயிற்று. வீட்டிலேயே ஒரு சிறிய அறை, ஒரே ஒரு கட்டில். முதல் இரண்டு ஆண்டுகளில் பார்த்த நோயாளிகள் 5,000 பேர். 730 நாளுக்கு வகுத்தால் நாளைக்கு ஏழு பேருக்குச் சற்றுக் குறைவு. பெரிய எண் இல்லைதான், ஆனால் கூட இருந்த உதவியாளரையும் கணக்கில் வைக்க வேண்டும். வீட்டில் சமையல் வேலை பார்த்தவரின் மனைவி சலோமி. எந்தப் பயிற்சிப் பள்ளிக்கும் போகாதவர். மருந்து கலக்கவும் கட்டுப் போடவும் அறுவை சிகிச்சையில் கைகொடுக்கவும் அந்த அம்மாதான். அமெரிக்காவில் மணம், வீடு, வசதி என்று ஐடா விட்டவை பட்டியலாகப் புத்தகங்களில் இருக்கின்றன. சலோமியின் வீட்டில் அந்த நாட்களில் உலை வைத்தது யார் என்ற வரி எந்தப் பட்டியலிலும் இல்லை.

1902-இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறந்தது. 40 படுக்கை. நன்கொடையை வகுத்தால் படுக்கைக்கு 250 டாலர். 1909-இல் செவிலியர் பயிற்சி. அதே ஆண்டில் ஒற்றை சிலிண்டர் பியூஜோ கார் ஒன்று வந்தது. வாரம் ஒருநாள் குடியாத்தம் சாலையில் மரத்தடி மரத்தடியாக நிறுத்தி வைத்தியம். குடியாத்தமும் தறி ஓடும் ஊர்தான்.

அடுத்த பதிவு 1918. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இந்தியப் பெண்கள் படிக்க வரமாட்டார்கள் என்று மாகாண மருத்துவ அதிகாரிகளே நினைத்த காலம். விண்ணப்பங்கள் 151 வந்தன. சேர்த்தது 17 பேரை, முடித்தது 14 பேர். முதலாண்டு அரசுத் தேர்வில் இந்தப் பெண்கள் அத்தனை பேரும் தேறினார்கள். ஆண்கள் பள்ளிகளில் அப்போது ஐந்துக்கு ஒருவர்தான் தேறுவார் என்று சொல்லி ஐடாவை அதிகாரிகள் முன்கூட்டியே தேற்றி வைத்திருந்தார்களாம். அந்தத் தேறுதல் வீணாயிற்று.

ஐடா விட்டவற்றுள் கடினமானது எது என்று கேட்டால் நான் நியூயார்க்கைச் சொல்லமாட்டேன். முப்பதுகளின் கடைசியில் மாகாண அரசு பழைய எல்.எம்.பி. பட்டயப் படிப்பை நிறுத்தியது. பல்கலைக்கழகப் பட்டத்துக்கு உயராவிட்டால் பள்ளியை மூட வேண்டியதுதான். அதற்குப் பணமும் ஆளும் வேண்டும். பணம் வேண்டுமென்றால் ஆண்களையும் சேர்த்துப் பல சபைகள் கூட்டாக நடத்தும் கல்லூரியாக வேண்டும். பெண்களுக்காகவே என்று ஐடா நாற்பதாண்டு சொல்லி வந்த நிறுவனம். அமெரிக்காவில் லட்சக்கணக்கான டாலர் திரட்டித் தந்த லூசி பீபாடி அம்மையார் கடுமையாக எதிர்த்தார். கடைசியில் ஐடா இணங்கினார், நெடுநாள் தோழமை முறிந்தது. 1942-இல் எம்.பி.பி.எஸ். வந்தது, 1947-இல் ஆண் மாணவர்கள் வந்தார்கள். அதே சமயத்தில் பொறுப்பு விசாகப்பட்டினத்தில் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரசிடம் போனது. சொந்த வசதியை விடுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். தான் கட்டிய கொள்கையை, தன் கையில் இருந்த நாற்காலியை விடுகிறவர்கள் குறைவு. அந்தப் பதிவுக்கு எதிரே இருக்கும் வரவு இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) முழுவதும்: இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் திறந்த இதய அறுவை 1961, முதல் சிறுநீரக மாற்று 1971. ஐடா 1960 மே 24 அன்று கொடைக்கானலில் இறந்தபோது வயது 89.

வேலூரைத் தாண்டித் திருப்பத்தூர் போனால் கணக்கு வேறு மாதிரி. 1921-இல் அங்கே கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய இருவருமே மருத்துவர்கள், இருவருமே மணம் செய்யாதவர்கள். 1882-இல் பிறந்த யேசுதாசன் பாளையங்கோட்டைக்காரர், பெரியண்ணன் என்று அழைக்கப்பட்டவர். 1891-இல் பிறந்த எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் ஸ்காட்லாந்துக்காரர், சின்னண்ணன். சம்பளம் பூஜ்யம், உடுப்பு கதர், சாப்பாடு சைவம். ஜெபாலயத்தைக் கோபுரமும் மண்டபமுமாகத் தென்னாட்டுக் கோயில் முறையில் எழுப்பினார்கள். காஞ்சியிலிருந்து போகிறவருக்கு அங்கே அந்நியமாக எதுவும் படாது.

நெசவூர்க்காரனான எனக்குச் சின்னண்ணனின் பதிவில் கண் நிற்பது ஒரே இடத்தில். அவர் குடும்பம் ஸ்காட்லாந்தின் ஆலோவா நகரில் கம்பளி நூல் ஆலை வைத்திருந்தது. பின்னலூசி பிடித்த ஆங்கிலேயப் பெண்களுக்கெல்லாம் பேட்டன் என்ற பெயர் தெரியும். 1920-இல் அந்த நிறுவனம் பால்ட்வின் நிறுவனத்தோடு சேர்ந்து இன்னும் பெரிதானது. மறு ஆண்டு, ஆலை வீட்டுப் பிள்ளை கைநூற்புத் துணி கட்டிக்கொண்டு திருப்பத்தூரில் உட்கார்ந்தார். 1932-இல் அந்நியத் துணி மறியல் நடந்த நாட்களில் சென்னைத் தெருவில் கதர் உடையில் நின்றார் என்பதற்காகப் போலீசார் அவரை அடித்தார்கள். அடிபட்டவர் வெள்ளைக்காரர் என்பதால் லண்டன் நாடாளுமன்றம் வரை கேள்வி போனது. அதே தெருவில் அடிபட்ட மற்றவர்களுக்கு அந்த வசதி கிடையாது. துறவிக்கும் பிறப்பு ஒரு கையிருப்பாகக் கூடவே வருகிறது, துறந்தாலும் போவதில்லை. பெரியண்ணன் 1969-இலும் சின்னண்ணன் 1970-இலும் இறந்தார்கள்.

கொல்லிமலைப் பதிவுக்கு வருகிறேன். லண்டனில் ஓவியம் பயின்ற வசதியான வீட்டுப் பெண் எவலின் 1913-இல் ஜெஸ்ஸி பிராண்டை மணந்து கொல்லிமலை ஏறினார். 1929-இல் கணவர் காய்ச்சலில் இறந்தார். எவலின் ஊழியத்தை நிறுத்தவில்லை. மிஷன் ஓய்வு கொடுத்த பிறகு, எழுபதை நெருங்கிய வயதில், சொந்தப் பொறுப்பில் மலைகளுக்குத் திரும்பிப் போனார். மட்டக் குதிரையில் ஏறிக் கிராமம் கிராமமாகப் போனார். கடைசி இருபது ஆண்டுகள் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. 1974-இல் இறந்தபோது வயது 95.

கண்ணாடிச் செய்திதான் எல்லோருக்கும் பிடிக்கும். முகம் பார்ப்பது ஒரு சிதறல், அதை விட்டார். அழகான கதை. பேரேட்டில் போட்டால் நாளைக்கு ஐந்து நிமிடம், இருபது ஆண்டுக்கு 600 மணி சொச்சம். அதற்கு மேல் அந்த வரியில் எதுவும் ஏறாது. உண்மையான செலவு வேறு வரியில் இருக்கிறது. 1914-இல் பிறந்த மகன் பாலை 1923-இல் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டார்கள். வயது 9. அப்பா ஆறாண்டு கழித்து மலையில் இறந்தார், இடையில் மகன் அவரைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியை விட்டது எவலின். அப்பாவை விட்டது ஒன்பது வயதுப் பையன். அந்தப் பையன்தான் பின்னாளில் டாக்டர் பால் பிராண்டாக 1946-இல் வேலூர் வந்தார். 1948-இலிருந்து தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். பெற்றோர் செய்ததற்கு இதை நியாயமாகக் காட்டுகிறவர்கள் உண்டு. நான் காட்டமாட்டேன். ஒரு பிள்ளையின் ஆறாண்டை இன்னொருவரின் விரல்களோடு நேர் செய்ய எந்தப் பேரேட்டிலும் விதி இல்லை. இரண்டு வரியும் தனித்தனியே நிற்கட்டும்.

பால் பிராண்டிடம் பயின்ற மேரி வர்கீஸ் இந்தக் கட்டுரையில் இருக்கலாமா என்று யோசித்தேன். 1954 ஜனவரி 30 அன்று சாலை விபத்து. இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. தேறி வந்தபின் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972-இல் பத்மஸ்ரீ. எண்களைப் பார்த்தால் முதல் வரிசையில் வைக்க வேண்டியவர். ஆனால் அவர் விட்டது எதுவும் இல்லை, அவரிடமிருந்து போனதுதான் எல்லாம். போனதைத் துறவு என்று எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதையாகத் தோன்றவில்லை. வரவுப் பத்தியில் மட்டும் அவர் பெயரை எழுதிவிட்டுப் பற்றுப் பத்தியைக் காலியாக விடுகிறேன்.

முன்னே வைத்த 1.2 கிராமை எடுக்கலாம். சி.எம்.சி.யில் எம்.பி.பி.எஸ். கற்பிப்புக் கட்டணம் வெகுகாலம் ஆண்டுக்கு 3,000 ரூபாயாக இருந்தது. விடுதி, இதர கட்டணங்கள் தனி. நாலரை ஆண்டுப் படிப்புக்கு 13,500 ரூபாய். ஒரு மார்க் ஜரிகைக்குள் இருக்கும் 97 கிராம் வெள்ளிக்கும் 1.2 கிராம் தங்கத்துக்கும் இன்றைய சந்தை விலை போட்டால் இந்தத் தொகையைத் தாண்டிவிடும். பட்டையும் கூலியையும் இன்னும் சேர்க்கவில்லை. ஒரு மார்க் ஜரிகை ஏறிய காஞ்சிச் சேலைக்குள் ஒரு மருத்துவரின் கற்பிப்புக் கட்டணம் அடங்கிவிடுகிறது! தனியார் மருத்துவக் கல்லூரிகள் ஆண்டுக்கு லட்சங்களில் வசூலிக்கும் நாட்டில் இதை நிறுவனத்தின் துறவு என்றே சொல்லலாம்.

அது இலவசமும் இல்லை. சபைகளின் பரிந்துரையில் இடம் பெறுகிற மாணவர்கள் படிப்பு முடிந்தபின் 2 ஆண்டுகள், பரிந்துரைத்த சபை காட்டும் மருத்துவமனையில் வேலை செய்ய ஒப்புக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அது பெரிய நகரங்களுக்கு எட்டாத இடம். 13,500 ரூபாயும் 2 ஆண்டு வாழ்நாளும் சேர்ந்ததுதான் விலை. இளம் மருத்துவருக்கு அந்த இரண்டு ஆண்டு என்பது உடனே மேற்படிப்பு, நகர வேலை, நல்ல சம்பளம் எல்லாவற்றையும் தள்ளிப்போடுவது. இங்கே விடுவது மனநிலையைப் பொறுத்ததாக இல்லை, கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமாக இருக்கிறது. என் பார்வையில் அது நல்லதே. மனநிலை மாறும், ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு நிற்கும்.

அந்த ஒப்பந்தத்துக்கு ஏற்றவர் யார் என்பதை மதிப்பெண்ணோடு வேறு சோதனைகளும் வைத்துத் தாங்களே தேர்ந்தெடுப்பது சி.எம்.சி.யின் வழக்கமாக இருந்தது. நீட் தேர்வும் பொதுக் கலந்தாய்வும் கட்டாயமானபோது அதற்கு இடமில்லாமல் போயிற்று. 2017-இல் நிர்வாகம் ஒரு முடிவெடுத்தது. எம்.பி.பி.எஸ். இடங்கள் 100. சேர்த்தது ஒரே ஒரு மாணவர். 99 இடம் காலி.

தேர்வு முறையை விட்டுக்கொடுப்பதைவிட ஓராண்டு வகுப்பையே விடுவது என்ற துணிவைப் பலர் மெச்சினார்கள். எனக்கும் அதில் ஒரு பாதி மரியாதை உண்டு. மறுபாதி பேரேட்டில் இடிக்கிறது. 99 பேருக்குத் தலைக்கு 2 ஆண்டு என்றால் 198 மருத்துவ ஆண்டுகள். எல்லோருக்கும் அந்த ஒப்பந்தம் இல்லை என்று தாராளமாகக் கழித்தாலும் நூறுக்குக் குறையாது. அந்த நூறு ஆண்டுகளின் நோயாளிகள் வேலூரில் இல்லை. சபை மருத்துவமனைகளின் வாசலில், பெரும்பாலும் நீட் என்ற பெயரைக் கேள்விப்படாமலே, காத்திருக்கிறவர்கள். விட்டது நிறுவனம், விலை எழுதப்பட்டது அவர்கள் பெயரில். நாற்பதாண்டுக் கொள்கையை விட்டு ஆண்களைச் சேர்த்துக்கொண்ட ஐடா இந்த மேசையில் உட்கார்ந்திருந்தால் எந்தப் பக்கம் கை தூக்கியிருப்பார் என்று வாதாட இடமுண்டு. மறு ஆண்டு, 2018-இல், நீட் வழியாகவே சேர்க்கை மீண்டும் தொடங்கியது. 2022-இல் ராணிப்பேட்டையில் புதிய வளாகமும் திறந்தது, 1,500 படுக்கைக்குத் திட்டமிட்டது. காஞ்சியிலிருந்து வண்டி இப்போது வேலூர்வரை போக வேண்டியதில்லை. 2017-இன் 99 மட்டும் எந்த ஆண்டின் வரவிலும் சேராமல் பாக்கியாக நிற்கிறது.